எச்.டி. ஒளிபரப்புக்கு ஒலியும் நாடாவும் ஒப்படைப்பது: விதித்தாளை எப்படிப் புரிந்துகொள்வது?

நெடும்பயணி:

நண்பர்களுக்கு வணக்கம். மூன்று ஆண்டு உழைப்பில் ஓர் ஆவணப்படத்தை முடித்திருக்கிறேன். திரையரங்கில் காட்டுவதற்கென்றே நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் உருவான படம் அது. 54 நிமிடம் ஓடும். ஒலிக்கலவையும் திரையரங்க அளவுள்ள மிக்ஸிங் அரங்கிலேயே 5.1 முறையில் (முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழ்ந்த அதிர்வுக்கு ஒன்று என ஆறு தடங்கள்) முடிந்தது. இப்போது ஓர் எச்.டி. ஒளிபரப்பு நிறுவனம் படத்தை எடுத்துக்கொள்ள இசைந்து, ஒப்படைப்பு விதிகள் அடங்கிய தாளை அனுப்பியிருக்கிறது. படத்தைப் பற்றிய விதிகள், அதாவது 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃபிரேம், பி.டி.709 வண்ண வரம்பு ஆகியவை, எனக்கும் எடிட்டருக்கும் புரிகின்றன. ஒலியையும் நாடாவையும் பற்றிய பக்கங்களில்தான் இருவரும் திகைத்து நிற்கிறோம்.

கோப்பாக ஒரு பிரதியும், காப்பகத்துக்கென எச்.டி.கேம் எஸ்.ஆர். நாடாவில் ஒரு பிரதியும் வேண்டும் என்கிறார்கள். நாடாவின் 12 ஒலித் தடங்களில் 1 முதல் 6 வரை 5.1 கலவை, 7, 8 தடங்களில் ஸ்டீரியோ, 9, 10 தடங்களில் பேச்சு நீக்கி இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள எம் அண்ட் ஈ. 11, 12 தடங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். எச்.டி.கேம் எஸ்.ஆர். இயலாதபோது சாதாரண எச்.டி.கேம் நாடாவையும் ஏற்பார்களாம். அப்போது 1, 2 தடங்களில் ஸ்டீரியோவும் 3, 4 தடங்களில் டால்பி ஈ என்ற சுருக்கிய ஒலித்தரவும் இருக்க வேண்டும். ஒலியளவு -23 எல்.யூ.எஃப்.எஸ். இருக்க வேண்டும், ட்ரூ பீக், அதாவது ஒலி தொடும் உண்மையான உச்சம், -3 டி.பி.டி.பி.யைத் தாண்டக் கூடாது. அதே பக்கத்தில் சோதனைத் தொனி -18 டி.பி.எஃப்.எஸ். (டிஜிட்டலின் உச்ச அளவை 0 என்று கொண்ட டெசிபெல்) என்றும் எழுதியிருக்கிறது. ஒரே நாடாவுக்கு இரண்டு அளவுகள் ஏன் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் 5.1 கலவையை அளந்து பார்த்ததில் ஒலியளவு -27.4, ட்ரூ பீக் -0.3, மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையிலான ஒலியளவு வீச்சு 21 எல்.யூ. (ஓர் எல்.யூ. ஒரு டெசிபெலுக்குச் சமம்) என்று வந்தது. முழுக் கலவையையும் 4.4 டெசிபெல் உயர்த்தி, உச்சங்களை அடக்கும் லிமிட்டர் ஒன்றை மேலே போட்டுவிட்டால் போதும் என்கிறார் எங்களுக்கு உதவும் ஒருவர். படத்தில் இரவுக் காட்சிகள் பல, ஏறக்குறைய மௌனத்தில் நகர்பவை. அவை கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். தட ஒழுங்கு, டால்பி ஈ, எம் அண்ட் ஈ இவற்றிலும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

கலவைமேசை:

முதலில் அந்த இரண்டு எண்களைப் பிரித்துவிடுவோம். இந்த ஒரு குழப்பத்தால் திரும்பி வந்த நாடாக்கள் ஏராளம். -18 டி.பி.எஃப்.எஸ். என்பது உங்கள் படத்தின் ஒலியளவு அன்று. படம் தொடங்குமுன் வண்ணப்பட்டையோடு ஒலிக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியின் அளவு அது. அந்த நாடாவை வாங்கி ஓட்டுபவர், தம் இயந்திரத்திலிருந்து வெளிவரும் தொனி அதே -18இல் நிற்கிறதா என்று பார்த்து, வழியில் எவரும் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்று உறுதிசெய்துகொள்வார். தொனியின் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. -23 எல்.யூ.எஃப்.எஸ். என்பதோ படம் தொடங்கிய ஃபிரேமிலிருந்து முடியும் ஃபிரேம் வரை, மனிதச் செவி உணரும் விதத்தில் எடைபோட்டு அளந்த சராசரி. பேச்சு -18ஐத் தொடும்படி கலக்க வேண்டும் என்று எண்ணிக் கலந்தவர்களின் படங்கள் ஐந்து டெசிபெல் அளவுக்கு உரத்துப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

-23 என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரையின் எண். அதன் தொனி -18. அமெரிக்க வழக்கில் ஏ.டி.எஸ்.சி. என்ற தரநிலைக் குழுவின் ஏ/85 ஆவணம் -24 எல்.கே.எஃப்.எஸ். (எல்.யூ.எஃப்.எஸ். அலகின் மறுபெயர்) என்கிறது, அங்கே தொனி -20. இணையத்தில் தேடும்போது இரு வழக்குகளும் கலந்தே கிடைக்கும். ஒன்றின் தொனியையும் மற்றதன் ஒலியளவையும் சேர்த்து நாடா செய்துவிடாதீர்கள்; உங்களிடம் உள்ள தாள் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள்.

இரண்டுக்கும் அடியில் இருக்கும் அளவீட்டு முறை ஒன்றுதான்: பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் பி.எஸ்.1770. அது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைச் சற்றுக் கூட்டியும் எடைபோடுகிறது. பின்புறச் சர்ரவுண்ட் தடங்களுக்கு 1.5 டெசிபெல் கூடுதல் எடை கொடுக்கிறது, தாழ்ந்த அதிர்வுக்கான எல்.எஃப்.இ. தடத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 2011இல் வந்த பி.எஸ்.1770-2 பதிப்பில்தான் உங்கள் படத்துக்கு மிகவும் வேண்டிய மாற்றம் நிகழ்ந்தது. சராசரியைவிட 10 எல்.யூ.வுக்கும் கீழே கிடக்கும் பகுதிகளை அது சராசரியில் சேர்ப்பதில்லை. மௌனக் காட்சிகள் மிகுந்த படத்தை 2006ஆம் ஆண்டுப் பதிப்பின்படி இயங்கும் பழைய மீட்டரில் அளந்தால், மௌனமும் சராசரிக்குள் புகுந்து எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆகவே அந்த -27.4 எந்தப் பதிப்பில் அளந்தது என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் உயர்த்த வேண்டியது 4.4 இல்லாமலும் போகலாம்.

அது சரியான எண்தான் என்று வைத்துக்கொண்டு லிமிட்டர் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். -0.3இல் இருக்கும் உச்சத்தை 4.4 உயர்த்தினால் +4.1 ஆகும். அதை -3க்குள் அடக்க 7.1 டெசிபெல் நசுக்க வேண்டும். கதவு அடைபடும் ஒலி, இடி, கூட்டத்தின் ஆரவாரம் என்று படத்தில் எவையெல்லாம் திடுக்கிட வைக்க வேண்டுமோ அவை அத்தனையும் தட்டையாகிவிடும். இரவுக் காட்சிகளின் மெல்லிய இரைச்சலோ அதே 4.4 டெசிபெல் மேலெழுந்து நிற்கும். நீங்கள் அஞ்சுவது நியாயமே. இதைச் செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியது சிறிய அறையில் ஒரு மறுகலவை. திரையரங்கில் முன்புற ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் 85 டெசிபெல் அளவுக்கும், சர்ரவுண்ட் வரிசை ஒவ்வொன்றும் 82க்கும் அமைக்கப்பட்டிருக்கும். தொலைக்காட்சிக்கான கலவை அறையில் ஐந்தும் ஒரே அளவில் இருக்கும். எனவே திரையரங்கக் கலவையை அங்கே அப்படியே போட்டால் சர்ரவுண்ட் ஒலிகள் 3 டெசிபெல் தூக்கலாகக் கேட்கும். முதலில் அவற்றைக் குறையுங்கள். பிறகு 79 டெசிபெல் போன்ற தாழ்ந்த அளவில் கேட்டபடி, பேச்சு, இசை, ஒலி விளைவுகள் ஆகியவற்றின் தனித்தனித் தொகுப்புகளிலிருந்தே சமநிலையை மாற்றுங்கள். பேச்சு தெளிவாகும் இடத்துக்கு வந்ததும், உச்சங்களை ஒவ்வொன்றாகக் கையால் தாழ்த்துங்கள். லிமிட்டர் கடைசிக் காவலாக மட்டும் நிற்கட்டும். 21 எல்.யூ. வீச்சு வீட்டு அறைக்கு அகலம்தான். ஆர்128 அதற்கு வரம்பு எதையும் கட்டாயமாக்கவில்லை; ஆனால் மறுகலவையில் அது தானாகவே குறையும், குறைந்தே ஆக வேண்டும்.

ஸ்டீரியோவைத் தனியாக அளக்க மறக்காதீர்கள். 5.1 கலவை -23இல் நின்றாலும், அதைச் சுருக்கிச் செய்த ஸ்டீரியோ அதே எண்ணில் நிற்காது. மையத் தடமும் சர்ரவுண்டும் 3 டெசிபெல் குறைந்து இடம், வலத்தோடு சேர்கின்றன; எல்.எஃப்.இ. பெரும்பாலும் கைவிடப்படுகிறது. அதனால் எல்.எஃப்.இ.யில் மட்டும் வைத்த அதிர்வு எதுவும் ஸ்டீரியோ கேட்பவரைச் சென்றடையாது.

நாடா அறை:

நாடாப் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இயந்திரங்களோடு இருக்கிறேன்.

எச்.டி.கேம் எஸ்.ஆர். கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அதில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத 12 ஒலித் தடங்கள் உள்ளன. உங்களுக்கு வேண்டிய அனைத்தும் அதனதன் இடத்தில் வெளிப்படையாக உட்காரும். சாதாரண எச்.டி.கேம் 1997இல் வந்தது. 20 பிட் அளவில் நான்கே தடங்கள். 5.1 ஒலிக்கு அதில் இடமில்லாததால்தான் டால்பி ஈ தேவைப்பட்டது. ஒரு ஸ்டீரியோ இணைக்குள், 20 பிட் அளவில், எட்டு தடங்களை அது சுருக்கி அடைக்கிறது: 5.1 கலவைக்கு ஆறு, ஸ்டீரியோவுக்கு இரண்டு.

டால்பி ஈ ஒலி அன்று, தரவு. ஒலிக்கும் இணையில் பயணம் செய்வதால் அதை ஒலி என்று எண்ணிக் கையாண்டுவிடுகிறோம். ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்கு ஏற்றினாலும் இறக்கினாலும் அது சிதைந்துவிடும். மாதிரி வீதத்தை மாற்றும் கருவி வழியில் எங்கே இருந்தாலும் சிதைந்துவிடும். நாடா இயந்திரத்தில் எடிட் செய்யும் இடங்களில் ஒலியை இழைத்துச் சேர்க்கும் கிராஸ்ஃபேட் அமைப்பு இயங்கினால் அந்த இடத்தில் அறுந்துவிடும். ஆகவே பதிவுக்குமுன் அந்தத் தடங்களை இயந்திரத்தின் பட்டியில் தரவு என்று குறித்து, கிராஸ்ஃபேடை நிறுத்தி, வெட்டுமுறைக்கு மாற்ற வேண்டும். குறிநீக்கும் கருவியான டிகோடர் இல்லாமல் அந்தத் தடங்களைக் கேட்கவும் வேண்டாம். முழு அளவு இரைச்சலாக வந்து ஒலிபெருக்கியையும் செவியையும் தாக்கும்.

அதன் காலத் தாமதமும் கவனத்துக்குரியது. குறியேற்றும்போது ஒரு ஃபிரேம், குறிநீக்கும்போது ஒரு ஃபிரேம் பின்தங்கும். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் என்றால் 40 மில்லிநொடி. ஒலி படத்துக்கு முந்தினால் 40 மில்லிநொடிக்குள்ளும், பிந்தினால் 60 மில்லிநொடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 வரம்பு. ஒரு ஃபிரேம் தவறினால் ஒரு பக்கம் விளிம்பில் நிற்கிறோம். இரண்டு ஃபிரேம் தவறினால் எந்தப் பக்கமும் தப்ப முடியாது. நாடாவில் டால்பி ஈ படத்தோடு ஒன்றியிருக்க வேண்டுமா, டிகோடரின் தாமதத்தை ஈடுசெய்ய ஒரு ஃபிரேம் முந்தியிருக்க வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வழக்கங்களும் உண்டு.

தட ஒழுங்கைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை நாங்கள் செய்து அனுப்பிய எஸ்.ஆர். நாடா ஒன்று ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பு திரும்பி வந்தது. கலவை அரங்கு கொடுத்த ஆறு கோப்புகளும் திரைப்பட ஒழுங்கில் இருந்தன: இடம், மையம், வலம், இடச் சர்ரவுண்ட், வலச் சர்ரவுண்ட், எல்.எஃப்.இ. ஒளிபரப்பாளர் கேட்டதோ தொலைக்காட்சி ஒழுங்கு: இடம், வலம், மையம், எல்.எஃப்.இ., இடச் சர்ரவுண்ட், வலச் சர்ரவுண்ட். கோப்புகளின் பெயரில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் இருந்ததால் வந்த வரிசையிலேயே பதிந்துவிட்டோம். இடத் தடம் ஒன்றைத் தவிர வேறெதுவும் தன் இடத்தில் இல்லை. முழுப் பேச்சும் வலப் பெட்டியிலிருந்து கேட்டது, எல்.எஃப்.இ.யின் உறுமல் பின்னாலிருந்து வந்தது. நாங்கள் தரச் சோதனை (க்யூ.சி.) செய்தபோது 7, 8 தடங்களின் ஸ்டீரியோவைத்தான் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டிருந்தோம். அது பிழையின்றி இருந்ததால் மற்றதும் சரி என்று கையெழுத்திட்டோம். அன்று முதல் எண் மட்டும் இட்ட கோப்பை எங்கள் அறை ஏற்பதில்லை. தடத்தின் பெயரும் கோப்பில் இருந்தாக வேண்டும்.

இதற்குத் தொனியும் உதவும். எல்லாத் தடங்களிலும் ஒரே 1 கிலோஹெர்ட்ஸ் தொனி ஓடினால் எந்தத் தடம் எங்கே என்று கேட்பவருக்குத் தெரியாது. ஸ்டீரியோவில் இடத் தடத் தொனியை மூன்று நொடிக்கு ஒருமுறை கால் நொடி அறுத்துவிடுவது ஐரோப்பிய வழக்கம். அறுபடுவது இடம், அறுபடாதது வலம். 5.1 ஒலிக்கு பிளிட்ஸ் என்ற தொனி வரிசை உண்டு. ஒவ்வொரு தடமும் முறைவைத்து ஒலிக்கும், எல்.எஃப்.இ.க்கு 82.5 ஹெர்ட்ஸ் என்று தாழ்ந்த தொனி வரும். தாள் அதை அனுமதித்தால் தயங்காமல் போடுங்கள்.

நாடாவின் முகப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 25 ஃபிரேம் வழக்கில் படத்தின் முதல் ஃபிரேம் 10:00:00:00 (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம்) என்ற டைம்கோடில் தொடங்குவதே இயல்பு. அதற்குமுன் வண்ணப்பட்டையும் தொனியும், பிறகு பெயர், கால அளவு, தட ஒழுங்கு எழுதிய பலகை, கடைசி மூன்று நொடி கருப்பும் மௌனமும். டைம்கோடு தொடக்கம் முதல் முடிவு வரை எங்கும் அறுபடக் கூடாது. பலகையில் உள்ள தட ஒழுங்கும், நாடாப் பெட்டியின் ஒட்டுத்தாளில் உள்ள ஒழுங்கும், நாடாவுக்குள் உண்மையில் பதிந்திருக்கும் ஒழுங்கும் ஒன்றையே சொல்ல வேண்டும். 11, 12 தடங்கள் வெறுமை என்றால் அங்கே டிஜிட்டல் மௌனம் இருக்க வேண்டும். பழைய பதிவின் மிச்சம் இருக்கக் கூடாது.

கோப்புவழி:

நாடாவுக்காகச் செலவழிக்குமுன் அந்த விதி இன்னும் நடைமுறையில் உள்ளதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம் என்பது என் கருத்து. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் சோனியின் செண்டாய் ஆலையை முடக்கியபோது எஸ்.ஆர். நாடாவுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. பலர் கோப்புக்கு மாறியதற்கு அதுவே உந்துதலானது. பிரிட்டனின் பெரிய ஒளிபரப்பாளர்கள் 2014 அக்டோபர் 1 முதல் கோப்பு வழி ஒப்படைப்பையே வழக்கமாக்கினார்கள். சோனியும் அரை அங்குல நாடா இயந்திரங்களின் விற்பனையை நிறுத்திவிட்டது. பல தாள்களில் நாடாப் பத்திகள் நீக்கப்படாமல் தங்கிவிட்டவை.

கோப்பில் தடங்களை ஸ்டீரியோ இணைகளாகக் கட்டாமல், ஒவ்வொன்றையும் தனி மோனோத் தடமாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் எம்.எக்ஸ்.எஃப். என்ற கோப்பு உறைக்குள் வையுங்கள். எடிட்டிங் மென்பொருள் ஏற்றுமதியின்போது தானாகவே இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது.

நாடா அறை:

கேட்டுப் பார்ப்பது நல்லதே. ஆனால் காப்பகத்துக்கென்று தனியாக எழுதியிருப்பதால் அது தங்கிப்போன பத்தியாக எனக்குத் தோன்றவில்லை. நாடா விதிகளைத் தெரிந்துகொள்வது கோப்புக்கும் வீணாகாது. தட ஒழுங்கு, தொனி, பலகை, 10:00:00:00 என்ற தொடக்கம் ஆகிய அனைத்தும் நாடாவிலிருந்தே கோப்புக்குப் போயிருக்கின்றன. திரைப்பட ஒழுங்கில் வந்த ஆறு தடங்கள் கோப்புக்குள்ளும் அதே பிழையைத்தான் செய்யும்.

நெடும்பயணி:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீட்டரைப் பார்த்தேன், புதிய பதிப்புதான், ஆகவே -27.4 உண்மையான எண். மறுகலவைக்கு ஒரு சிறிய அறையில் இரண்டு நாள் பேசியிருக்கிறேன். நிறுவனத்தையும் கேட்டேன், காப்பகத்துக்கு எஸ்.ஆர். நாடா வேண்டும் என்று உறுதிசெய்தார்கள்.

இன்னும் இரண்டு ஐயங்கள். படம் 24 ஃபிரேமிலிருந்து 25க்குப் போக வேண்டும். வேகத்தைக் கூட்டினால் 54 நிமிடம் 51 நிமிடம் 50 நொடியாகிறது. அவர்கள் கேட்கும் 52 நிமிட இடத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் ஒலியை என்ன செய்வது? எம் அண்ட் ஈ பற்றியும் இன்னும் தெளிவில்லை. விவரணைக் குரலை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா?

கலவைமேசை:

24லிருந்து 25 என்பது 4.17 விழுக்காடு வேகம். ஒலியை அப்படியே விரைவாக ஓட்டினால் சுருதி ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் உயரும். பேசுபவரை முன்பே அறிந்தவர்களுக்குக் குரல் மெலிந்து தெரியும். பாடலில் சுருதி அறிந்த செவி உடனே கண்டுகொள்ளும். நேரத்தை மட்டும் சுருக்கிச் சுருதியைப் பழைய இடத்தில் நிறுத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. முடிந்த 5.1 கலவை முழுவதையும் அதற்குள் செலுத்தினால் தடங்களுக்கு இடையிலுள்ள கால உறவு குலைந்து ஒலி குழையக்கூடும். பேச்சு, இசை, விளைவுகள் என்று தொகுப்பு தொகுப்பாகச் செய்யுங்கள். பேச்சுக்கும் இசைக்கும் சுருதித் திருத்தம் வேண்டும். காற்று, மழை, தெருவோசை போன்றவற்றுக்கு வேண்டியதில்லை, வெறும் வேகமாற்றமே தூய்மையாக இருக்கும். ஒரு காட்சியின் தன்மையே அந்த ஓசையில்தான் இருக்கிறது என்றால் மட்டும் கேட்டு முடிவெடுங்கள்.

தொடங்குமுன் உங்கள் படம் மெய்யாகவே 24 ஃபிரேமா அல்லது 23.976ஆ என்று பாருங்கள். வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் படம் ஒன்றிலும் ஒலி மற்றொன்றிலும் இருந்தால் 54 நிமிட முடிவில் 3.24 நொடி விலகி நிற்கும். முதல் சில நொடிகளை மட்டும் பார்த்து ஒத்திசைவை உறுதிசெய்யும் பழக்கம் இந்த இடத்தில் உதவாது, முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் பாருங்கள்.

வரிசையும் முக்கியம். வேகமாற்றம் முதலில், மறுகலவை அடுத்து, அளவீடு அதற்கும் பிறகு.

மொழிமாற்றம்:

எம் அண்ட் ஈ பற்றி நான் எழுதுகிறேன். நான் செய்வது டப்பிங் பணி. விவரணைக் குரலை மட்டும் எடுத்துவிட்ட தடத்தை எம் அண்ட் ஈ என்று அனுப்புவது ஆவணப்படங்களில் மிகப் பரவலான பிழை. அந்தத் தடத்தை வாங்குகிறவர் வேறொரு மொழியில் முழுப் படத்தையும் பேசவைக்க வேண்டியவர். பேட்டி கொடுப்பவரின் குரல் அதில் இருக்கக் கூடாது. ஆனால் அவர் பேசும் இடத்தின் ஓசை, அவர் எழுந்து நடக்கும் காலடி, கோப்பையைக் கீழே வைக்கும் ஒலி ஆகியவை இருக்க வேண்டும். படப்பிடிப்பின்போது அவை பேச்சோடு ஒரே மைக்கில் பதிந்திருந்தால், பேச்சை எடுக்கும்போது அவையும் போய்விடும். அந்த இடங்களில் குழி விழுந்ததுபோல் முழு மௌனம் வரும். ஒவ்வொரு இடத்திலும் பதிந்த வெற்று அறை ஓசையைக் கொண்டு அவற்றை நிரப்ப வேண்டும். காலடிகளைப் புதிதாகப் பதிய வேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் அவர்களிடம் கேளுங்கள்: மூலக் குரலைக் கீழே மெல்ல ஓடவிட்டு அதன்மேல் வேற்றுமொழிக் குரல் பேசும் முறையைப் பின்பற்றுவார்களா, முழு டப்பிங்கா? முதல் முறை என்றால், விவரணை நீங்கலாகப் பேட்டிக் குரல்கள் உள்ள தடத்தை அவர்களே விரும்புவார்கள். அதற்கான பெயரும் வேறு, எம் அண்ட் ஈ அன்று. இரண்டையும் செய்யும் வாய்ப்பு இப்போது, மறுகலவையின்போதே, உங்கள் கையில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கலவைத் தொகுப்புகளை மீண்டும் திறப்பதன் வேதனை எனக்குத் தெரியும். கூட்டம் முழக்கமிடுவது, பின்னணியில் யாரோ பாடுவது போன்றவற்றை எம் அண்ட் ஈயில் விடுவதா எடுப்பதா என்பதையும் எழுதிக் கேளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் டைம்கோடோடு குறித்து ஒரு தாளில் அனுப்பினால் எங்களைப் போன்றவர்கள் உங்களை வாழ்த்துவோம்.

அந்தத் தடத்தின் அளவை -23க்கு உயர்த்திவிடாதீர்கள். பேச்சு இல்லாத தடம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். முழுக் கலவையில் இசையும் ஓசைகளும் எந்த அளவில் நின்றனவோ அதே அளவில் அது இருந்தால்தான், எங்கள் பேச்சைச் சேர்க்கும்போது உங்கள் படத்தின் சமநிலை திரும்பக் கிடைக்கும்.

நாடா அறை:

கடைசியாக, பதிவு முடிந்தபின் செய்ய வேண்டிய சோதனை. நாடாவை முதல் ஃபிரேமுக்கு மீட்டு, இயந்திரத்திலிருந்து, படமும் ஒலியும் சேர்ந்து செல்லும் எச்.டி. எஸ்.டி.ஐ. கம்பி வழியாக முழுப் படத்தையும் கணினிக்குள் திரும்ப எடுங்கள். அந்த ஒரே கம்பியில் 24 பிட் அளவில் 16 ஒலித் தடங்கள் வரை வரும். உங்கள் பத்துத் தடங்களும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். பிறகு மூலக் கோப்பின் ஒவ்வொரு தடத்தையும் திரும்ப எடுத்த அதே தடத்தின் கீழே வைத்து, ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். எஸ்.ஆர். நாடா ஒலியைச் சுருக்குவதில்லை என்பதால், இயந்திரமும் கணினியும் ஒரே ஒத்திசைவுச் சைகையில் இயங்கியிருந்து, வழியில் எவரும் எதையும் தொடாமல் இருந்தால், கூட்டலில் முழு மௌனம் வர வேண்டும். ஏதாவது ஒரு தடத்தில் ஒலி மிஞ்சினால் அது இடம் மாறியிருக்கிறது, அல்லது அளவு மாறியிருக்கிறது, அல்லது சில மாதிரிகள் நகர்ந்திருக்கிறது. எது என்பது மிஞ்சும் ஒலியைக் கேட்டாலே பெரும்பாலும் தெரியும். இந்தச் சோதனை நாடா மூலக் கோப்புக்கு உண்மையாக இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மூலக் கோப்பே திரைப்பட ஒழுங்கில் இருந்தால் இதுவும் மௌனமே காட்டும். அதனால் 5.1 தடங்களை ஐந்து பெட்டிகளும் உள்ள அறையில் ஒருவர் உட்கார்ந்து முழுமையாகக் கேட்டே தீர வேண்டும்.

பத்துத் தடங்களும் மௌனம் காட்டி, அறையில் கேட்டதும் சரியாக இருந்தால், பெட்டியின் ஓரத்திலுள்ள பதிவுத் தடைத் தாழைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு ஒட்டுத்தாளை ஒட்டுங்கள்.